கோல்ஃப் நேரலை: காசு கட்டாமல், சட்டத்தை மீறாமல் பார்க்க முடியுமா?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. இந்தியாவில் பொழுது விடியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்த பெங்களூருவின் அதிதி அசோக், மூன்று சுற்று முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தார். அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் அன்று காலை 'பர்டி'ன்னா என்ன, 'போகி'ன்னா என்னன்னு கூகுளில் தேடினார்கள். கடைசியில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெண்கலம் கைவிட்டுப் போனது. அதே நாள் மாலை நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கியதால், காலையில் நடந்ததை நாடு சீக்கிரமே மறந்துவிட்டது.

அன்று அத்தனை பேரால் அந்த ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது ஏன்? அது ஒலிம்பிக் என்பதால். அதே அதிதி வருஷம் முழுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆடும் தொழில்முறைப் போட்டிகளை அப்படிப் பார்க்க முடிகிறதா? இங்கேதான் கேள்வி ஆரம்பிக்கிறது. காசு கட்டாமல், திருட்டு லிங்க் தேடாமல், தொழில்முறை கோல்ஃபை நேரலையில் பார்க்க வழி இருக்கிறதா?

சுருக்கமான பதில்: கொஞ்சம் இருக்கிறது, முழுசாக இல்லை. ஏன் இல்லை என்பதுதான் முக்கியம். அந்தக் காரணம் கோல்ஃபோடு நிற்காது. நாளைக்கு நீங்கள் பார்க்க நினைக்கும் கிரிக்கெட், ஹாக்கி, கபடிக்கும் அதே காரணம்தான்.

ஒரு வீடு, நான்கு வாசல்

சங்கரன்கோவிலில் ரதவீதிப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா கேபிள் டிவியில் செய்தி பார்க்கிறார். மாடியில் குடியிருப்பவர் தனியார் டிடிஎச் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துவிட்டு, ஆடித் தபசுக்கு ஊருக்கு வந்திருக்கும் மகன் கையில் மொபைல்.

ஒரே போட்டி இந்த நான்கு வாசல் வழியாகவும் அந்தத் தெருவுக்குள் வரலாம். ஆனால் இந்தியச் சட்டம் 'இலவசம்' என்று திறந்து வைத்திருப்பது ஒரே ஒரு வாசலைத்தான். அது மகனின் மொபைல் இல்லை, அப்பாவின் கேபிளும் இல்லை, பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்.

இது எப்படி வந்தது?

2007: ஒரு கிரிக்கெட் சண்டையில் பிறந்த சட்டம்

2007 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் அணி இந்தியா வந்தது. ஒளிபரப்பு உரிமை நிம்பஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. தூர்தர்ஷனுக்கு நேரலை சிக்னல் கொடுக்க அது தயாராக இல்லை. கேபிள் இல்லாத கோடிக்கணக்கான வீடுகளில் டிவி சும்மா கிடந்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. கிரிக்கெட்டில் ஏழு நிமிடம் என்றால் ஒன்றரை ஓவர். பக்கத்து வீட்டில் கைதட்டல் கேட்ட பிறகு நம்ம வீட்டில் விக்கெட் விழும்.

அந்தக் கோபத்தில்தான் மத்திய அரசு 2007 பிப்ரவரியில் ஒரு அவசரச் சட்டம் போட்டது. அடுத்த மாதமே அது நாடாளுமன்றச் சட்டமானது. விளையாட்டு ஒளிபரப்பு சிக்னல்களைப் பிரசார் பாரதியுடன் கட்டாயம் பகிர வேண்டும் என்கிற சட்டம் அது. சாரம் இதுதான்:

'தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது' என்று அரசு அறிவிக்கும் ஒரு போட்டியைத் தனியார் சேனல் கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலையாகக் காட்டினால், அதே நேரத்தில் தன் விளம்பரங்களை நீக்கி அந்த சிக்னலைப் பிரசார் பாரதிக்கும் கொடுக்க வேண்டும். தூர்தர்ஷன் அதைத் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச்சிலும் காட்டலாம். அதில் வரும் விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வாங்கியவருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. வானொலி என்றால் ஆளுக்குப் பாதி.

இதற்குப் பின்னால் ஒரு பழைய தீர்ப்பும் உண்டு. 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுச் சொத்தில் பயணிக்கும் ஆட்டத்தைப் பார்க்க மக்களுக்கும் ஒரு உரிமை இருக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது.

கோல்ஃப் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற பெரிய போட்டித் தொடர்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்குள் கோல்ஃபும் ஒரு ஆட்டம் என்பதால், அந்த நாட்களில் மட்டும் கோல்ஃப் தானாகப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் பட்டியலில் உண்டு. டென்னிஸில் இந்தியா ஆடும் டேவிஸ் கோப்பை ஆட்டங்கள் உண்டு. ஆனால் மாஸ்டர்ஸ், தி ஓபன், யுஎஸ் ஓபன், பிஜிஏ சாம்பியன்ஷிப் ஆகிய நான்கு பெரிய கோல்ஃப் போட்டிகளுக்கும், வாராவாரம் நடக்கும் டூர் போட்டிகளுக்கும் இடமில்லை. ஐபிஎல்லும் இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், 2022 மார்ச்சில் அமெரிக்காவின் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் அனிர்பன் லஹிரி ஒரே ஒரு ஷாட்டில் கோப்பையைத் தவறவிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். இந்திய கோல்ஃப் வரலாற்றின் பெரிய நாட்களில் ஒன்று. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது 'தேசிய முக்கியத்துவம்' கொண்ட நிகழ்வு இல்லை. யாரும் யாருக்கும் சிக்னல் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

பட்டியலில் இருந்தாலும் கேபிளில் ஏன் தெரிவதில்லை?

இது பலருக்குப் புரியாத இடம். "டிடி ஸ்போர்ட்ஸ் எங்க வீட்டு கேபிள்லயும் வருதே, மேட்ச் மட்டும் ஏன் வரலை?"

காரணம், 2017 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. தூர்தர்ஷன் சேனல்களை எல்லா கேபிள் ஆபரேட்டர்களும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று 1995-ம் ஆண்டு கேபிள் சட்டம் சொல்கிறது. அதனால் தனியார் சேனலிடம் இலவசமாக வாங்கிய ஆட்டம், தூர்தர்ஷன் வழியாக எல்லா கேபிள் வீட்டுக்கும் போனது. அப்புறம் எதற்கு ஜனங்கள் காசு கொடுத்து ஸ்போர்ட்ஸ் சேனல் வாங்குவார்கள்? உரிமை வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொண்டது: பகிரப்படும் சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி, சொந்த டிடிஎச்சுக்கு மட்டுமே, தனியார் கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் போகக் கூடாது.

2018-ல் மத்திய அரசு இதை மாற்ற ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அது சட்டமாகவில்லை.

இதற்கிடையில் இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. மொட்டைமாடியில் மீன்முள் ஆன்டெனா வைத்துப் பார்த்த பழைய தரைவழி ஒளிபரப்பை, சில இடங்களைத் தவிர, தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்திவிட்டது. ஆக, சட்டத்தில் இரண்டு வாசல் எழுதியிருந்தாலும் நடைமுறையில் மிஞ்சியது ஒன்றுதான்: டிடி ஃப்ரீ டிஷ்.

மொபைலுக்கு ஏன் இந்த உரிமை இல்லை?

2007-ல் இந்தியாவில் ஸ்மார்ட்போனில் நேரலை பார்ப்பது என்பதே கிடையாது. சட்டம் டிவியையும் வானொலியையும் மனசில் வைத்து எழுதப்பட்டது. 'கேபிள் அல்லது டிடிஎச் வழியாக நேரலை' என்பதுதான் சட்டத்தின் வார்த்தை. ஓடிடி அதில் இல்லை.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, உரிமை வாங்கிய ஆப் உங்களுக்கு இலவசமாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு, இதைவிடப் பெரியது. ஒரு போட்டியை டிவியில் காட்டவே காட்டாமல் ஆப்பில் மட்டும் காட்டினால், சட்டத்தின் நிபந்தனையே தொடங்குவதில்லை. கோல்ஃப் மாதிரி பார்வையாளர் குறைவான ஆட்டங்கள் டிவியை விட்டு ஆப்புக்கு நகர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், இந்த இரண்டாவது ஓட்டைதான் கவலைக்குரியது.

மொபைலே டிவியாகிப் போன தலைமுறைக்கு, டிவிக்காக எழுதப்பட்ட உரிமை கைக்கு எட்டவில்லை. சங்கரன்கோவில் வீட்டு மாடியில் நிற்கும் அந்த மகனின் நிலைமை இதுதான்.

"ஆனா ஜியோசினிமாவுல எல்லாமே ஃப்ரீயா பார்த்தோமே?"

பார்த்தோம். 2022 கால்பந்து உலகக் கோப்பை, 2023, 2024 ஐபிஎல், 2024 பாரிஸ் ஒலிம்பிக் எல்லாம் இலவசம். ஆனால் அது சட்டம் கொடுத்த உரிமை இல்லை. ஒரு நிறுவனம் எடுத்த வியாபார முடிவு.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல்லின் இந்திய டிஜிட்டல் உரிமைக்கு வயாகாம்18 கொடுத்த விலை 23,758 கோடி ரூபாய். அவ்வளவு கொடுத்துவிட்டு இலவசமாகக் காட்டினார்கள் என்றால், நோக்கம் நம்மைப் பழக்கப்படுத்துவது. போட்டிக்கு இருந்த டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2023 ஆசியக் கோப்பையையும் ஒருநாள் உலகக் கோப்பையையும் மொபைலில் இலவசமாக்கியது. அந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்ததாக நிறுவனம் சொன்னது.

இரண்டு கடைக்காரர்கள் சண்டை போட்டால் வாங்குபவருக்கு லாபம். 2024 நவம்பரில் அந்த இரண்டு கடையும் ஒன்றாகிவிட்டன. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அடுத்த மாதம் தொடங்கிய ஐபிஎல்லை முழுசாகப் பார்க்கச் சந்தா தேவைப்பட்டது, அல்லது குறிப்பிட்ட ரீசார்ஜ் போட வேண்டியிருந்தது. 'இலவசம்' என்பது ரீசார்ஜுக்குள் ஒளிந்துகொண்டது.

இதிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது: நிறுவனம் கொடுத்த இலவசத்தை நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம். சட்டம் கொடுத்ததை அப்படி எடுக்க முடியாது.

கோல்ஃபுக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

கிரிக்கெட்டில் பந்து ஒன்று, பிட்ச் ஒன்று. கேமராக்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருந்தால் போதும். கோல்ஃபில் 18 குழிகள், நூறு ஏக்கருக்கும் மேல் பரப்பு, ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆட்டம். நான்கு நாள், நாளுக்குப் பல மணி நேரம். கேபிள், கேமரா, கோபுரம், ஆட்கள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

பார்ப்பவர்கள் எண்ணிக்கையோ குறைவு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். அதனால்தான் கோல்ஃப் ஒளிபரப்பில் விலை உயர்ந்த வாட்ச், கார், வங்கி விளம்பரங்களைப் பார்க்கிறோம். 'கூட்டம் சேர்த்து விளம்பரத்தில் சம்பாதிப்போம்' என்கிற கிரிக்கெட் கணக்கு இங்கே உதவாது. 'கொஞ்சம் பேர், ஆனால் சந்தா கட்டுவார்கள்' என்பதுதான் கோல்ஃப் கணக்கு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் தி ஓபன் போட்டியைப் பல பத்தாண்டுகள் பிபிசி இலவசமாகக் காட்டியது. 2016 முதல் நேரலை, கட்டணச் சேனலான ஸ்கைக்குப் போனது. அங்கேயும் நம்ம ஊர் மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் தி ஓபன் இரண்டாவது பிரிவில் இருப்பதால், தொகுப்பு மட்டும் இலவச டிவிக்குக் கிடைத்தால் போதும் என்பது விதி. பார்ப்பவர்கள் எண்ணிக்கை பெரிய அளவில் சரிந்தது. கோல்ஃப் அமைப்புக்குப் பணம் கூடியது. சின்னப் பசங்க டிவியில் தற்செயலாகக் கோல்ஃபைப் பார்த்து ஆசைப்படும் வாய்ப்பு குறைந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. மாஸ்டர்ஸ் போட்டியை சிபிஎஸ் 1956-லிருந்து காட்டுகிறது. வீட்டில் ஆன்டெனா இருந்தால் அந்த சேனல் இலவசம். அங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தன் போட்டியை நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்று நடத்துபவர்களே நினைத்தார்கள்.

சரி, இப்போ சட்டப்படி என்னென்ன வழி?

1. டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ், பாக்ஸ், பொருத்தும் கூலி என்று ஒரே ஒரு முறை செலவு. நாட்டில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருக்கிறது. நம்ம பக்கத்தில் டிஷ் தென்கிழக்கு நோக்கி, நன்றாக அண்ணாந்து இருக்கும். வீட்டில் பழைய டிஷ் சும்மா கிடந்தால், அதையே திருப்பி வைக்க முடியுமா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். செலவு குறையும். இதில் கோல்ஃப் கிடைப்பது ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு நாட்களில். அதிலும் ஒரு எச்சரிக்கை: காட்டும் உரிமை இருப்பது வேறு, காட்டுவது வேறு. ஒரே நேரத்தில் ஹாக்கியும் பாட்மின்டனும் நடந்தால், ஐந்து மணி நேர கோல்ஃபுக்குத் தூர்தர்ஷன் இடம் கொடுக்கும் என்று உறுதி இல்லை.

2. போட்டி நடத்துபவர்களின் சொந்த ஆப், இணையதளம். மாஸ்டர்ஸ் இதில் முன்னோடி. தேர்ந்தெடுத்த சில குழுக்களின் ஆட்டத்தையும் சில குறிப்பிட்ட குழிகளையும் தன் தளத்திலும் ஆப்பிலும் நேரலையாகக் கொடுப்பது அதன் வழக்கம். முழு ஒளிபரப்பு அல்ல. எந்த நாட்டில் எவ்வளவு தெரியும் என்பது அங்கே யாருக்கு உரிமை விற்றார்கள் என்பதைப் பொறுத்தது. போட்டி வாரத்தில் ஆப்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

3. அதிகாரபூர்வ யூடியூப் சேனல்கள். 2022 ஜூனில் லிவ் கோல்ஃப் தன் முதல் போட்டியை லண்டன் பக்கத்தில் நடத்தியபோது, யூடியூபில் உலகம் முழுக்க இலவசமாகக் காட்டியது. டிவி நிறுவனங்கள் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். புதிய டூர்கள், சின்ன டூர்கள் இப்படிச் செய்ய வாய்ப்பு அதிகம். மாஸ்டர்ஸ் சேனலில் பழைய ஆண்டுகளின் கடைசிச் சுற்று ஒளிபரப்புகள் முழுசாகக் கிடைக்கின்றன. கோல்ஃபைப் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நேரலையைவிட இது நல்ல தொடக்கம்.

4. லைவ் லீடர்போர்டு. காசே இல்லை. பிஜிஏ டூர் ஆப்பில் ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை கஜம் போனது, பந்து எங்கே கிடக்கிறது என்பது வரை படத்தோடு தெரியும். ஆபீசில் உட்கார்ந்து பார்க்க இதுதான் வசதி.

5. பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப். 2024 நவம்பரில் வந்தது. தூர்தர்ஷன் சேனல்களை மொபைலில் பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன சட்டப் பிரச்சினை இதற்கும் உண்டு. கட்டாயப் பகிர்வில் வாங்கிய ஆட்டத்தை இணையத்தில் காட்ட அந்தச் சட்டம் உரிமை கொடுக்கவில்லை. தனியாக டிஜிட்டல் உரிமை வாங்கிய ஆட்டங்களை மட்டும் எதிர்பார்க்கலாம்.

6. இலவச ட்ரயலும் ரீசார்ஜ் ஆஃபரும். 'ஃப்ரீ' என்று சொல்லி ஆட்டோபே கேட்டால் நிதானியுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முன், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைக் கவனிக்காமல் விடுவதில்தான் பணம் போகிறது. யுபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். ஆப்பை டெலீட் செய்தால் மட்டும் சந்தா நிற்காது.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸின் கடைசிச் சுற்று நமக்கு ஞாயிறு இரவு தொடங்கி, திங்கள் அதிகாலை நாலரை மணி வாக்கில் முடியும். பிரிட்டனில் நடக்கும் தி ஓபன் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. நம்ம நேரப்படி ராத்திரி 11 மணி சுமாருக்குக் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். டேட்டா விஷயத்தில், நல்ல தரத்தில் பார்த்தால் மணிக்கு ஒரு ஜிபியைத் தாண்டலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளானில் கோல்ஃபின் முதல் ஒன்பது குழிகூட முடியாது.

டெலிகிராம் லிங்க், ஏபிகே... பார்த்தால் என்ன ஆகும்?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பாளர்களுக்குத் தனி உரிமை கொடுக்கிறது. அனுமதி இல்லாமல் மறு ஒளிபரப்பு செய்வது குற்றம். தெரிந்தே மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் வழக்குகள் குறிவைப்பது லிங்க் போடுபவர்களையும் தளம் நடத்துபவர்களையும்தான். ஒரு தளத்தை முடக்கினால் பெயரை மாற்றி மறுபடி முளைக்கிறது என்பதால், புதிதாக முளைப்பதையும் சேர்த்து முடக்கும் 'டைனமிக்' தடை உத்தரவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2019 முதல் கொடுத்து வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் "ஃப்ரீ லிங்க்" என்று ஃபார்வர்டு பண்ணும் நீங்கள், பார்ப்பவர் என்ற இடத்திலிருந்து பரப்புபவர் என்ற இடத்துக்கு நகர்கிறீர்கள். அதை யோசியுங்கள்.

போலீஸைவிடப் பெரிய ஆபத்து ஏபிகே. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கும் அந்த 'ஃப்ரீ ஸ்போர்ட்ஸ்' ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், அது கோல்ஃப் காட்ட வந்ததல்ல, உங்கள் ஓடிபியை எடுக்க வந்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

விபிஎன்? இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்றில்லை. ஆனால் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி ஒரு தளத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தளத்தின் நிபந்தனைகளுக்கு எதிரானது. 'சட்டப்படி இலவசம்' என்ற பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது.

கடையில் டிவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுச் சந்தாவில் எடுத்த இணைப்பைக் கடையில் காட்டுவது நிறுவனத்தின் நிபந்தனைக்கு எதிராக இருக்கலாம். டிக்கெட் போட்டு ஜனங்களுக்கு ஒளிபரப்பைக் காட்டினால் அது காப்புரிமைச் சட்டத்திலேயே மீறல்.

பணக்காரர் ஆட்டம்தானே, நமக்கென்ன?

நியாயமான கேள்வி. தறி ஓடும் ஊரில், பூ மார்க்கெட் விலையைப் பார்த்து நாள் தொடங்கும் ஊரில், கோல்ஃப் பற்றி யாருக்கு அக்கறை?

2009-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றவர் சி.முனியப்பா. பெங்களூரு கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவர் மட்டைப் பையைத் தூக்கும் 'கேடி'யாக இருந்தவர். மைதானத்துக்குள் வேலை கிடைத்ததால் அவர் ஆட்டத்தைப் பார்த்தார், பார்த்ததால் கற்றார். செவித்திறன் குறைபாடுள்ள தீக்ஷா டாகர், காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடியவர். இவர்கள் கதையெல்லாம் ஒன்றைச் சொல்கிறது. ஒரு ஆட்டம் யாருடையது என்பதை, அதை யாரால் பார்க்க முடிகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. தென்காசி மாவட்டத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் கோல்ஃப் மைதானம் இல்லை. பார்க்கிற வாய்ப்பும் இல்லையென்றால், அந்த ஆட்டம் அவளுக்கு இருப்பதே தெரியாது.

என்ன மாறலாம்?

மூன்று யோசனைகள் பேசத் தக்கவை.

முதலாவது, 2007 சட்டத்தில் இணையத்தைச் சேர்ப்பது. பட்டியலில் உள்ள ஆட்டங்களை வேவ்ஸ் ஆப்பிலும் காட்டலாம் என்றால், மொபைல் தலைமுறைக்கும் அந்த உரிமை போய்ச் சேரும். எதிர்வாதமும் வலுவானது. ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து வாங்கிய உரிமையின் பெரும் பகுதி இன்று டிஜிட்டல்தான். அது இலவசமானால் ஏலத்தில் விலை இறங்கும். விலை இறங்கினால் விளையாட்டுச் சங்கங்களுக்குப் பணம் குறையும். கிரிக்கெட் வாரியம் தாங்கும், சின்னச் சங்கங்கள் தாங்காது. தரத்தைக் குறைத்துக் காட்டுவது, அல்லது விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு இன்னும் கூடுதல் பங்கு கொடுப்பது என்று நடுவழி தேடலாம்.

இரண்டாவது, பட்டியலை அகலப்படுத்துவது. இந்தியா ஆடும் டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்கு இடம் உண்டு என்றால், கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒரு இந்தியர் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருக்கும் நாளுக்கும் இடம் கொடுக்கலாமே? வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்கூட வராது. வரும் நாளில் 2021 ஆகஸ்ட் 7 மாதிரி நாடே விழித்திருக்கும்.

மூன்றாவது யோசனைக்குச் சட்டமே தேவையில்லை. இந்தியாவுக்கென்று ஒரு தொழில்முறை கோல்ஃப் டூர் 2006-லிருந்து இருக்கிறது. இப்போது அதன் தலைவர் கபில்தேவ். பெரிய விலைக்கு உரிமை விற்காத உள்நாட்டுப் போட்டிகளின் கடைசி நாளையாவது, நாலு கேமரா வைத்து, தமிழ் உட்பட உள்ளூர் மொழி வர்ணனையோடு யூடியூபில் இலவசமாகக் காட்டலாம். கபடியை டிவியில் பார்த்துத்தான் நகரத்துப் பிள்ளைகள் 'ரெய்டர்' ஆனார்கள். கோல்ஃபுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் பெரிதாக இல்லை.

ஆக, இன்றைய நிலவரம் இதுதான். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு நாட்களில் பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் கோல்ஃப் கிடைக்கலாம். மற்ற நாட்களில் போட்டியாளர்களின் ஆப், யூடியூப், லீடர்போர்டு என்று துண்டு துண்டாகப் பார்க்கலாம். முழு நேரலை வேண்டுமென்றால் அந்த ஆண்டு இந்தியாவில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்ட மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டு, ஆட்டோபேயை நிறுத்துவதே மலிவான நேர்வழி. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதிதி அசோக் வெள்ளி வென்றார். அந்தப் போட்டிகளில் கோல்ஃப் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அடுத்த பதக்கத்துக்கான கடைசி பட் உருளும்போது மாடியில் நிற்கும் மகனின் மொபைலிலும் அது தெரியுமா என்பது, 2007-ல் எழுதிய ஒரு வரியை யாராவது திருத்துவார்களா என்பதில் இருக்கிறது.